வேகன் ஒர்க்ஸில் எல்லாரும் ஃபிட்

வெஸ்லி இதயம் நின்றுபோய்ச் செத்தார் என்பதில் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அது ஏன் நின்றது என்பதில்தான் இரண்டு வருஷம் வழக்கு நடந்தது.

வெஸ்லி, டெக்கான் வேகன் ஒர்க்ஸில் கிரேன் ஓட்டியவர். தரையிலிருந்து நாற்பதடி உயரத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, சரக்கு வேகன்களைத் தூக்கி இடம் மாற்றி வைக்கிற வேலை. வயது நாற்பத்தாறு, வீடு லாலாகுடாவில், தெலுங்கு பேசுகிற ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஏதோ ஒரு சங்கிலிப் பறிப்பில் தேடப்பட்ட ஸ்கூட்டரும் இவர் ஸ்கூட்டரும் ஒரே நிறம் என்று சொல்லி, ஐந்து நிமிஷ விசாரணைக்குப் போலீஸ் கூப்பிட்டது. டிபன் பாக்ஸோடு போனார். பகல் மூன்று மணிக்கு அவர் மனைவி ஜெயசுந்தரியை வரச்சொல்லி, டிபன் பாக்ஸை மட்டும் கொடுத்தார்கள்.

"அவுக எங்க?" என்றாள் ஜெயசுந்தரி.

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கோம் அம்மா," என்றார் ஸ்டேஷன் ரைட்டர்.

"எப்படி இருக்காவ?"

ரைட்டர் பேனாவை மூடி வைத்தார். "இன்ஸ்பெக்டர் சார் அன்பா டீ வரவழைச்சார். டீ வந்துது. அவர் டீயைப் பார்த்தார். அப்படியே சாஞ்சுட்டார்."

"அவுக டீ குடிக்க மாட்டாவளே. காப்பிதான குடிப்பாவ."

"அப்படியா?" ரைட்டர் பேனாவைத் திறந்தார். "அப்போ அந்த அதிர்ச்சிதான்," என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் தொடாமல் இருந்தது. உடம்பில் பதினேழு காயம் இருந்தது. இறப்புச் சான்றிதழில், மரணக் காரணம் என்ற இடத்தில், இயற்கை என்று இருந்தது.

"இயற்கைன்னா என்ன?" என்று ஜெயசுந்தரி தன் மகள் பிளெசியிடம் கேட்டாள். "மழை, வெயில், காத்து. அதுதான? அவுக முதுகுல பெஞ்சது மழையா?"

பிளெசி மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அம்மா தமிழில் கேட்டால் வேறு எதிலாவது பதில் சொல்கிற பெண். அன்றைக்கு எந்த பாஷையிலும் பதில் சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு நடந்ததை எழுத வேண்டும். ஜெயசுந்தரி கேட்டது அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் மீதும் இரண்டு கான்ஸ்டபிள்கள் மீதும் வழக்கு வந்தது. வரவைத்தது கலேப். வேகன் ஒர்க்ஸ் யூனியன் செயலாளர். அதைவிட முக்கியம், வெஸ்லியின் கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் காட்டுகிறவர். கலேப் கையை உயர்த்தினால் வெஸ்லி தூக்குவார், தாழ்த்தினால் இறக்குவார். பதினெட்டு வருஷமாக நாற்பது டன் இரும்பு அந்தக் கையை நம்பித்தான் மேலே போய்க் கீழே வந்தது.

கலேப் ஆயிரத்து இருநூறு தொழிலாளிகளோடு சாலையில் உட்கார்ந்தார். நான்கு நாள் பஸ் ஓடவில்லை. ஆறு பஸ்ஸின் கண்ணாடி போனது. வெஸ்லியின் முகத்தை அட்டையில் ஒட்டிக் கம்பில் கட்டி ஆளுக்கொன்று பிடித்தார்கள்.

"மைனி," என்று அண்ணி முறையில் கூப்பிட்டார் கலேப், கையை நெஞ்சில் வைத்து. "கடைசி ஆள் நிக்கிற வரைக்கும் நிப்போம். அந்தக் கடைசி ஆள் நான்தான்."

ஜெயசுந்தரி நம்பினாள். வெஸ்லியும் அந்தக் கையை நம்பியவர்தானே.

பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் ஒரு காகிதம் கிடைத்தது. வேகன் ஒர்க்ஸில் கிரேன் ஓட்டுகிறவர், சிக்னல் காட்டுகிறவர் உட்பட எல்லாருக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை உடல் பரிசோதனை உண்டு. வெஸ்லிக்குச் சாவுக்குப் பதினோரு நாள் முன்னால் நடந்திருந்தது. இதயம்: இயல்பு. ரத்த அழுத்தம்: இயல்பு. கண்: 6/6. அடியில் பெரிதாக, ஃபிட். கையெழுத்து, கம்பெனி டாக்டர் ஜகதீசன்.

அரசு வக்கீல் சக்ரபாணி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது போதும்மா. நான் வாயே திறக்க வேண்டாம்."

அவர் அதற்கு முன்பும் திறந்தவரில்லை.

இதற்குள் வெஸ்லியின் இதயம் டிவிக்குப் போய்விட்டது. சாயங்காலம் ஏழு மணிக்கு, சாஹித்யா என்கிற பெண் நடத்துகிற விவாதம். திரையில் ஆறு கட்டம், கட்டத்துக்கு ஒரு தலை. அடியில் சிவப்பு எழுத்தில், "வெஸ்லியின் இதயம் யார் பக்கம்?"

போலீஸ் தரப்பு நிபுணர் டாக்டர் பாலச்சந்திரன். முப்பது வருஷம் பிரேதப் பரிசோதனை செய்து ஓய்வு பெற்றவர்.

"பதினேழு காயம், பதினேழு காயம் என்கிறார்கள்," என்றார் அவர். "பதினேழையும் நான் படித்தேன். முதுகு, தொடை, உள்ளங்கால். ஒன்றாவது இதயத்தின் மேல் இருக்கிறதா? இல்லை. இதயத்தைத் தொடாமல் எவ்வளவு பொறுப்போடு நடந்திருக்கிறார்கள் என்று நாம் ஏன் பேசுவதில்லை?"

"டாக்டர், அப்படியானால் அடித்தது உண்மையா?" என்றாள் சாஹித்யா.

"அடி என்பது பாமரர் வார்த்தை. மருத்துவத்தில், மழுங்கிய பொருளோடு ஏற்பட்ட சந்திப்பு என்போம்."

"பதினேழு சந்திப்பு?"

"இருக்கட்டுமே. பதினேழாவது சந்திப்பின்போது அவர் உயிரோடு இருந்தார் என்று அறிக்கையே சொல்கிறது. அப்படியென்றால் பதினேழையும் தாங்கிவிட்டார். பதினெட்டாவது கிடையாது. இல்லாத ஒன்றால் ஒருவர் எப்படிச் சாக முடியும்? ஆகவே இதயம்."

மற்ற ஐந்து கட்டங்களிலும் ஒரே சமயத்தில் பேசினார்கள். உணவு நிபுணர் ஒருவர் எலுமிச்சை சாதத்தில் எவ்வளவு எண்ணெய் இருந்திருக்கலாம் என்று கேட்டார். சாப்பிடவே இல்லை என்று யாரோ சொன்னதற்கு, சாப்பிடாமல் இருப்பது இதயத்துக்கு இன்னும் கெடுதல் என்றார். பிறகு நேயர்கள் போனில் வாக்களித்தார்கள். இயற்கை மரணம் அறுபத்தொரு சதவீதம், காயம் முப்பது, சொல்ல இயலாது ஒன்பது.

"நான் எதுல போடணும்?" என்று ஜெயசுந்தரி போனைக் கையில் எடுத்தாள்.

"நக்கோ மம்மி," என்றாள் பிளெசி. "டிவி பந்த் கரோ." வேண்டாம், டிவியை அணை என்று அர்த்தம்.

காவல்துறையும் சும்மா இருக்கவில்லை. மக்கள் உணர்வை மதித்து ஒரு சுற்றறிக்கை விட்டது. ஸ்டேஷன் வாசல்களில் மூன்று பாஷையில் பலகை வந்தது. "விசாரணைக்கு வருவோர் இதய நலச் சான்றிதழுடன் வரவும். பலவீனமுள்ளோர் முன்கூட்டித் தெரிவித்தால் அதற்கேற்ற விசாரணை செய்து தரப்படும்." இனி ஒரு வெஸ்லி நடக்கக் கூடாது என்பதே எங்கள் கவலை என்று உயர் அதிகாரி பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். விசாரணை முறையை மாற்றுவீர்களா என்று ஒருவர் கேட்டதற்கு, இதயங்கள் சரியாக இருந்தால் முறையில் ஒரு குறையும் இல்லை என்றார்.

மௌலா அலி ஸ்டேஷனில் செல்போன் தொலைந்ததாகப் புகார் கொடுக்கப் போன ஒருவரை ஈசிஜி எடுத்து வரச்சொல்லி அனுப்பினார்கள். எடுத்து வந்தார். ரைட்டர் அந்தக் காகிதத்தை நீளமாகப் பிரித்துப் பார்த்து, "நல்ல ஸ்ட்ராங்கான இதயமா இருக்கே!" என்றார். சொன்ன தோரணையைப் பார்த்து அந்த ஆள் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். செல்போன் குற்றங்கள் குறைந்துவிட்டன என்று அடுத்த மாதம் புள்ளிவிவரம் வந்தது.

கோர்ட்டில் முதலில் டாக்டர் ஜகதீசன் கூண்டில் ஏறினார். இன்ஸ்பெக்டரின் வக்கீல் லக்ஷ்மிநாராயணன் எழுந்தார். வெள்ளை முடி, மெதுவான குரல், யாரைப் பார்த்தாலும் நலம் விசாரிக்கிற முகம்.

"டாக்டர், நீங்கள் பரிசோதிக்காமல் கையெழுத்துப் போட்டதுண்டா?"

"ஒருபோதும் இல்லை."

"ஒரு நாளைக்கு எத்தனை பேர்?"

"நூற்றிருபது பேர். யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன்."

"எத்தனை மணி நேரம்?"

"பத்திலிருந்து பன்னிரண்டு வரை. நடுவில் டிபன்."

"டிபனுக்கு?"

"அரை மணி. நிதானமாகச் சாப்பிட்டால்தான் இதயத்துக்கு நல்லது."

"அந்த வேகத்தில் ஒருவருடைய இதயத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?"

டாக்டருக்குக் கோபம் வந்தது. "பெரிய சத்தம் இருந்தால் கேட்காதா? எனக்கு முப்பத்தொரு வருஷ அனுபவம்!"

கோர்ட் சிரித்தது. ஆனாலும் காகிதம் காகிதம்தான். முத்திரை இருக்கிறது, தேதி இருக்கிறது. நீதிபதி அதைத் தள்ளிவிடவில்லை. அப்புறம்தான் ஜெயசுந்தரி ஏறினாள்.

லக்ஷ்மிநாராயணனின் தாத்தா கும்பகோணத்திலிருந்து வந்தவராம். நீதிபதியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவர் தமிழில் கேட்டார். மொழிபெயர்க்க ஆள் போட்டார்கள். இரண்டு வருஷமாகத் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் தன்னைப் பற்றிப் பேசக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அந்தத் தமிழைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

"உட்காருங்கம்மா. தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன் சார்."

"எவ்வளவு பெரிய கஷ்டம். உங்க வீட்டுக்காரர் உடம்பு விஷயத்துல அக்கறையானவரா?"

"ரொம்ப சார். காலையில நாலு தெரு நடப்பாவ."

"கம்பெனி டெஸ்ட்டுக்கும் அக்கறையாத்தான் போவாரா?"

"ஒரு வாரம் முன்னாலயே தயாராயிருவாவ."

"அப்படியா? எப்படித் தயாராவார்?"

"பாட்டு படிப்பாவ சார்."

சக்ரபாணி தலையை நிமிர்த்தினார். அந்த வழக்கில் அவர் நிமிர்ந்தது அதுதான் முதல் தடவை.

"பாட்டா? என்ன பாட்டும்மா?"

"கண் டெஸ்ட் பாட்டு சார். நான்தான் ராகம் போட்டேன்." ஜெயசுந்தரிக்கு முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. "நான் சண்டே ஸ்கூல்ல டீச்சர். பிள்ளைகளுக்கு வசனம் மனப்பாடம் ஆகணும்னா ராகம் போட்டுத்தான் சொல்லிக்கொடுப்பேன். டாக்டர் ரூம்ல சுவத்துல எழுத்து மாட்டியிருக்கும்லா, பெருசு சிறுசா? அதையும் அப்படிப் போட்டேன். எங்க வராந்தாவுலதான் எல்லாரும் வந்து படிப்பாவ. பரீட்சைன்னா படிக்காம எப்படி சார் போறது?"

"ரொம்ப சரி. கொஞ்சம் பாடிக் காட்ட முடியுமா?"

சக்ரபாணி எழுந்து ஆட்சேபம் என்றார். எதற்கு என்று நீதிபதி கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

ஜெயசுந்தரி தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினாள். ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளுக்குப் பாடுகிற மாதிரி, விரலால் கம்பியில் தாளம் தட்டி.

"ஈ... எஃப் பி... டி ஓ இஸட்..."

அவளுக்கு ஆதரவாக வந்திருந்த யூனியன்காரர்கள் பின் பெஞ்சுகளில் அறுபது பேர் இருந்தார்கள். வருஷக்கணக்காகப் பழகிய வாய். அவள் மூச்சு வாங்கிய இடத்தில் அறுபது பேரும் எடுத்தார்கள்.

"எல் பி ஈ டி... பி ஈ சி எஃப் டி..."

இரண்டாம் கட்டை மூன்றாம் கட்டை என்று பிரித்தெல்லாம் பாடினார்கள். கலேப் அடிக்குரல்.

பாட்டு முடிந்தது. கோர்ட் சுருக்கெழுத்தர் இதை எப்படி எழுதுவது என்று நீதிபதியைப் பார்த்தார்.

"இன்னொரு கண்ணுக்கு?" என்றார் லக்ஷ்மிநாராயணன், மிகவும் மரியாதையாக.

"அதைக் கடைசியிலேருந்து திருப்பிப் பாடணும் சார். டாக்டர் ரெண்டாவது கண்ணுக்குத் திருப்பித்தான் கேப்பாவ. அது கொஞ்சம் கஷ்டம், அதுக்குத்தான் ஒரு வாரம்." பிறகு அவளுக்கு எதுவோ சரியில்லை என்று பட்டது. "ஆனா சார், அவுகளுக்குப் பாட்டு வேண்டியதே இல்லை. நாப்பதடி மேல இருந்து கலேப் விரலைப் பாப்பாவ. சேந்து பாடணும்கறதுக்காகப் பாடுவாவ. அவுக கண்ணு..."

"போதும்மா. ரொம்ப நன்றி. பார்த்து இறங்குங்க, படி இருக்கு."

அவர் நீதிபதி பக்கம் திரும்பி இங்கிலீஷுக்கு மாறினார். "கண் விஷயத்தில் ஏமாற்றிய ஒருவர் இதய விஷயத்தில் ஏமாற்ற மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?"

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு சாஹித்யாவின் விவாதத் தலைப்பு மாறியது: "பாடும் கண்கள், நொந்த இதயம்." இரண்டு நாளில் அந்த ராகம் ஆட்டோக்காரர்கள் போனில் மணியாக அடித்தது. மூன்றாம் நாள் வேகன் ஒர்க்ஸ் நிர்வாகம் அறிவித்தது: எழுத்து அட்டை மாற்றப்படும், ஆயிரத்து இருநூறு பேருக்கும் புதிதாகக் கண் பரிசோதனை நடக்கும்.

நான்காம் நாள் ஜெயசுந்தரி வீட்டு வாசலில் கூட்டம். முதலில் அவளுக்குச் சந்தோஷம். அவுக முகம் ஒட்டிய அட்டைகள் தெரிந்தன. ஆனால் முகம் கூட்டத்தின் பக்கம் திரும்பியிருந்தது. அட்டையின் முதுகில் புதிதாக மையில் எழுதியிருந்தார்கள்: "ஜெயசுந்தரி பதில் சொல்!" புது அட்டை வாங்கிச் செலவழிக்க யூனியனில் மனமில்லை.

"நாங்க உங்களுக்காக பஸ் கண்ணாடி உடைச்சோம்!" என்று ஒருவர் கத்தினார். "நீங்க எங்க கண்ணை உடைச்சிட்டீங்க!"

ஜன்னல் கண்ணாடி உடைந்தது. அதற்குப் பிறகு கலேப் வந்தார்.

"மைனி, உள்ள வரலாமா?"

"ஜன்னல் வழியா கல்லே வந்திட்டு. நீங்க வாசல் வழியா வாங்க."

"சத்தியமா நான் எறியலை மைனி."

"தெரியும். உங்க கை எறியாது. சிக்னல்தான் காட்டும்."

கலேப் உட்கார்ந்தார். வெஸ்லி உட்காருகிற நாற்காலி.

"நாப்பது வயசுக்கு மேல கடைசி வரி யாருக்கு மைனி தெரியுது? புது அட்டை வந்தா பாதிப் பேர் வீட்டுக்குப் போகணும். நான் முதல் ஆள்."

"உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான சிக்னல் காட்டினீங்க?"

"அண்ணனுக்கு நல்லாத் தெரியுமே. நான் தப்பாக் காட்டினாலும் அவரு சரியாத் தூக்கிருவாரு."

ஜெயசுந்தரி குனிந்து ஜன்னல் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"நிர்வாகத்துக்கிட்டப் பேசினோம். ஒரு வழி சொல்லுதாங்க. அண்ணனுக்கு ரொம்ப நாளா நெஞ்சுவலி இருந்துது, டாக்டர்கிட்ட மறைச்சிட்டாருன்னு யாராவது கோர்ட்ல சொல்லணும். அப்போ டாக்டர் ஏமாந்தவர் ஆயிருவாரு. ஏமாந்தவர் மேல விசாரணை வராது. பழைய அட்டையே இருக்கும். எல்லாரும் பிழைச்சுக்கலாம்."

"அவுகளுக்கு வலி இருந்துதா?"

"இல்லை மைனி."

"நீங்க பாத்தீங்களா?"

"அதான் இல்லைங்கேனே."

"அப்போ யாரு போய்ச் சொல்லப் போறா?"

கலேப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் நாலு பேர்கிட்டக் கேட்டேன். எல்லாருக்கும் மனசாட்சி உறுத்துது. அந்தப் பாரத்தை அடுத்தவன் மேல போடக் கூடாதுன்னு நானே எடுத்துக்கிட்டேன். நீங்க ஜெபத்துல என்னை நினைச்சுக்கோங்க."

அடுத்த வாரம் கலேப் கூண்டில் நின்று வலது கையை உயர்த்தினார். பதினெட்டு வருஷம் வெஸ்லி பார்த்த கை. வேகன்களுக்கு நடுவில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பல தடவை பார்த்ததாகச் சொன்னார். அண்ணன் நாற்பதடி மேலே கூண்டில் இருந்திருப்பாரே, வேகன்களுக்கு நடுவில் எப்படி என்று கேட்க சக்ரபாணிக்குத் தோன்றவில்லை.

தீர்ப்பு நாற்பத்திரண்டு பக்கம். கடைசிக்கு முந்தின பக்கத்தில் இருந்தது விஷயம். "முப்பத்தொரு ஆண்டுகளில் டாக்டர் ஜகதீசன் ஒருவரைக்கூடத் தகுதியற்றவர் என்று எழுதியதில்லை. யாரும் தோற்காத பரிசோதனை பரிசோதனையே அல்ல. அதன் சான்றிதழ் எதையும் நிரூபிக்காது." சாட்சி கலேப்பின் நேர்மையை நீதிமன்றம் பாராட்டியது. கான்ஸ்டபிள்களோடு இன்ஸ்பெக்டரும் விடுதலையானார். வாசலில் அவருக்கு மாலை போட்டார்கள். டீ கொடுத்தார்கள். முழுசாகக் குடித்தார்.

"அவ்வளவுதானா சார்?" என்றாள் ஜெயசுந்தரி.

சக்ரபாணி ஃபைலைக் கட்டினார். "மேல் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா அந்த சர்டிபிகேட்டுக்கு மதிப்பு வரணும்மா. கலேப் சொன்னது வெறும் வாய்ச் சொல், காகிதம் நின்னா அது விழுந்துடும். அதுக்கு அந்த டாக்டர்கிட்ட யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஃபெயில் ஆகியிருக்கணும். ஃபெயில்னு ஒண்ணு இருந்தாத்தான் பாஸுக்கு மரியாதை."

"இனிமே ஆனாலும் சரியா?"

"அதே டாக்டர், அதே ரூம், அதே அட்டைன்னா வாதாடிப் பார்க்கலாம். ஆனா யாரும்மா வேலையை விட்டுட்டு ஃபெயில் ஆவாங்க?"

அந்த மாசம்தான் ஜெயசுந்தரிக்கு வேகன் ஒர்க்ஸிலிருந்து கடிதம் வந்தது. இறந்த தொழிலாளியின் மனைவிக்குக் கருணை அடிப்படையில் வேலை. கலேப்பை ஃபோர்மேன் ஆக்கிவிட்டார்கள். அவர் பார்த்த இடம் காலியாக இருந்தது. கிரேனுக்குச் சிக்னல் காட்டும் வேலை. முதலில் உடல் பரிசோதனை.

"இந்த வேலை நக்கோ மம்மி," என்றாள் பிளெசி. "நான் சம்பாதிக்கேன்ல?" ஆத்திரத்தில் பாதி தமிழிலேயே வந்துவிட்டது.

"வேலைக்கா போறேன்? ஃபெயில் ஆகப் போறேன்."

பரிசோதனை நாளில் ஜெயசுந்தரி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி பைபிளுக்குள் வைத்து மூடினாள். இருபது வருஷமாகப் போடுகிற கண்ணாடி. அது இல்லாவிட்டால் அவளுக்குப் பஸ் வருவது சத்தத்தில்தான் தெரியும். பொய் சொல்லக் கூடாது என்பதற்காகக் கழற்றினாள். பிளெசி கையைப் பிடித்து மெடிக்கல் அறை வரை கூட்டிப்போய் விட்டாள்.

அறையில் வரிசை நின்றது. ராகம் லேசாக முணுமுணுப்பாகக் கேட்டது. அவளைப் பார்த்ததும் நின்றது. பிறகு வழி விட்டார்கள். "அக்கா முதல்ல போங்க," என்று யாரோ சொன்னார்கள். ஜன்னலில் கல் எறிந்தவர்களில் ஒருவராகக்கூட இருக்கலாம். அவளுக்கு முகம் தெரியவில்லை.

"வாங்கம்மா," என்றார் டாக்டர் ஜகதீசன். "சுவரைப் பாருங்க. மேல் வரி?"

"தெரியலை டாக்டர்."

"பரவாயில்லை, பெரிய எழுத்தில் எல்லாரும் அலட்சியமாத்தான் இருப்பாங்க. ரெண்டாவது?"

"அதுவும் தெரியலை."

அவள் முதுகுக்குப் பின்னால் வரிசையிலிருந்து, மிகவும் அன்பாக, "எஃப்... பி..." என்று வந்தது.

"அது கேக்குதா?" என்றார் டாக்டர்.

"கேக்குது."

"காது நல்லா இருக்கு." எழுதிக்கொண்டார்.

"டாக்டர், பாட்டு எனக்குத் தெரியும். நான் போட்ட பாட்டு. எழுத்துதான் தெரியலை. அட்டையே தெரியலை. வெள்ளையா சுவர் மட்டும் இருக்கு."

"சுவர் தெரியுதில்ல? பின்ன என்ன?"

"நான் ஃபெயில்னு எழுதுங்க."

"பயப்படாதீங்கம்மா."

"பயமில்லை டாக்டர். கெஞ்சிக் கேக்கேன். ஒரே ஒரு ஆளு ஃபெயில்னு நீங்க எழுதினா, அவுகளுக்கு எழுதின ஃபிட் உண்மை ஆயிரும். அவுக நெஞ்சு நல்லா இருந்துதுன்னு கோர்ட் கேக்கும். நீங்க எழுதின காகிதம்தான் அது. உங்க கையெழுத்துக்குத்தான் மரியாதை கேக்கேன்."

டாக்டர் ஜகதீசன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். முப்பத்தொரு வருஷத்தில் ஒருவருக்காக அவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

"அம்மா," என்றார். "உங்க குடும்பம் எவ்வளவு பட்டிருக்கு. உங்களை ஃபெயில் ஆக்கிட்டு நான் வீட்டுல போய்ச் சாப்பிட முடியுமா? நான் என்ன கல்லா?"

எழுதினார். முத்திரை குத்தினார். வரிசை கை தட்டியது.

காகிதத்தை மூக்கில் படுகிற மாதிரி வைத்து ஜெயசுந்தரி படித்தாள். இதயம்: இயல்பு. கண்: 6/6. ஃபிட். அடியில், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேலையில் சேரவும்.

"நெஞ்சுல குழாய் வச்சுப் பாக்கவே இல்லையே டாக்டர்?"

"உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுதே அம்மா."

வாசலில் யாரோ நின்றார்கள். உயரத்தை வைத்துக் கலேப் என்று கண்டுபிடித்தாள்.

"கைவிட்ருவோமா மைனி?" என்றார் கலேப், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான்தான் டாக்டர்கிட்ட முன்னாலயே சொல்லி வச்சேன். என்ன ஆனாலும் உங்களுக்கு ஃபிட்டுனு." பிறகு கையை நீட்டிக் காட்டினார். "படி இருக்கு, பாத்து."

அந்தக் கை மேலே போகிறதா கீழே வருகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கையை இறக்குங்க கலேப்," என்றாள் ஜெயசுந்தரி. "அவுக நம்பின கை அது."

சுவரைத் தடவிப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினாள். உள்ளே டாக்டர், "நெக்ஸ்ட்," என்றார்.